போலீஸ்காரன் கை

பாவாவின் முகத்தைப் பத்தடி உயரத்துக்கு என் கடை மெஷினிலேயே அடித்து, நானே ஏணி போட்டு ஏறி, பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் கட்டினேன். வயிறு எரிந்தது என்று சொன்னால் அது குறைத்துச் சொல்வது. கட்டி முடித்து இறங்கி, எதிர்ச் சாரி டீக்கடையில் நின்று பார்த்தேன். நெற்றியில் ரத்தம், கையில் கொடி, கண்ணில் அப்படி ஒரு வெறி. நன்றாகத்தான் இருந்தான் பாவி. கலர் ஏற்றியவனே நான்தானே. ரத்தத்துக்குச் சிவப்பு போதவில்லை என்று திருத்தியதும் நான்தான். கீழே மூலையில், தீப்பெட்டி அளவுக்கு, போலீஸ் தொப்பியோடு ஒரு முகம் இருக்கும். அது என் முகம். ஒரு ஆட்டோ வந்து நின்றால் மறைந்துபோகும்.

பாவா என்றால் எனக்கு அக்கா வீட்டுக்காரனோ மாமன் மகனோ இல்லை. திருத்தணியில் கூடப் பழகியவனைப் பாவா என்போம். தெலுங்கிலிருந்து வந்த சொல், வந்து இங்கேயே தங்கிவிட்டது. அவன் பவர்லூம் வைத்து லுங்கி ஓட்டுகிறவன், வீட்டில் பேசுவது தெலுங்கு. நான் ஃபிளெக்ஸ் கடைக்காரன், வீட்டில் தமிழ். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் வயிற்றெரிச்சல் முழுவதும் இதில்தான் நிற்கிறது.

எங்கள் நாடகக் குழு வருஷா வருஷம் ஒரே நாடகத்தைப் போடும். இந்த ஊர் ஒரு காலத்தில் ஆந்திராவில் இருந்தது. தமிழ்நாட்டோடு சேர்க்கச் சொல்லி எல்லைப் போராட்டம் நடந்தது. மறியல், கைது, தடியடி எல்லாம் நடந்து, கடைசியில் சேர்ந்தது. அந்தக் கதைதான் நாடகம். ஸ்டேஷனில் தண்டவாளத்தில் படுத்து ரயிலை மறிக்கிற ஒரு இளைஞன், அவனை இழுத்துப் போட்டு அடிக்கிற ஒரு இன்ஸ்பெக்டர். இளைஞனாகப் பாவா, இன்ஸ்பெக்டராக நான்.

அந்த இளைஞன் யார் தெரியுமா? என் நைனா. நாங்கள் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். அதுவும் இந்தப் பக்கத்து வழக்கம்தான், அதை வைத்து எங்களைத் தெலுங்கு என்று யாரும் சொல்லிவிட முடியாது. நிஜமாகவே தண்டவாளத்தில் படுத்தவர் அவர். நிஜமாகவே அடி வாங்கியவர். இடது தோள் கடைசிவரைக்கும் அவருக்கு மேலே தூக்க வரவில்லை. திருவாலங்காட்டுப் பக்கம் கரும்பு வெட்டப் போய், அங்கேயும் ஒற்றைக் கையை வைத்துக்கொண்டு எவ்வளவு முடியுமோ அவ்வளவுதான் வெட்டினார். தினமும் காலையில் அம்மாதான் சட்டையின் இடது கையை மாட்டிவிடுவாள்.

அவர் அடிபட்டதற்கு மறுநாள் பேப்பரில் செய்தி வந்ததாம். ‘சிலர் காயமடைந்தனர்’ என்று. அவ்வளவுதான். என் நைனா அந்தச் சிலரில் ஒருவர். பேரும் இல்லை, படமும் இல்லை. படம் என்று பார்த்தால் அவருடைய இளவயதுப் படம் வீட்டிலும் கிடையாது. ஓட்டர் அட்டையில் இருக்கும் பயந்த கிழவர் முகம் ஒன்றுதான் மிச்சம். அதைப் பெரிதாக்கிச் சுவரில் மாட்டலாம் என்று கடையில் முயன்று பார்த்தேன். பெரிதாக்கப் பெரிதாக்கப் புள்ளி புள்ளியாக உடைந்ததே தவிர, அவர் வரவில்லை.

அதனால் எனக்கு ஒரே ஒரு ஆசை. அந்தச் ‘சில’ருக்குத் தமிழ்ப் பேப்பரில் ஒரு முகம் வரவேண்டும். அது அவர் பெற்ற மகனுடைய முகமாக இருக்கவேண்டும். இதில் தப்பு என்ன இருக்கிறது, சொல்லுங்கள்?

குழுவின் தலைவர் அரக்கோணத்தில் ரயில்வே கார்டாக இருந்து ரிட்டயர் ஆனவர். நாடகத்தை எழுதியவரும் அவர்தான். என் நைனாவின் கதையை நான்தான் அவருக்குச் சொன்னேன். நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டு, கடைசியில் என் நைனாவைத் தூக்கிப் பாவா கையில் கொடுத்துவிட்டார்.

“இன்னா தலைவரே இது, என் நைனா வேஷம் எனக்கில்லியா?” என்று கேட்டேன்.

“யோவ், நீ ஆந்திராவுல நகரி துணிக்கடையில அத்தினி வருசம் இருந்தவன். உன் தெலுங்கு சுத்தம். இன்ஸ்பெக்டர் தெலுங்குல திட்டணும், அது உன்ன வுட்டா யாருக்கு வரும்? அவனுக்குக் குரல் கீது. வசனம் பேசுனா மல மேல கேக்கும்.”

கேட்கும்தான். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. வீட்டில் பெண்டாட்டியோடு தெலுங்கில் சண்டை போடுகிறவன், மேடையேறினால் ழகரம் மணி மணியாகக் கொட்டும். பவர்லூம் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தியே வளர்ந்த தொண்டை. அவன் “எங்கள் மலையைக் கொடு” என்று கேட்டால் தாய்மார்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொள்வார்கள். நான் வந்து “லேவரா!”, அதாவது எழுந்திருடா, என்று தெலுங்கில் உறுமினால் மண்ணை வாரித் தூற்றுவார்கள். தமிழன் தெலுங்கனாக நின்று திட்டு வாங்க, தெலுங்கு வீட்டுக்காரன் தமிழனாக நின்று மாலை வாங்குகிறான். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று தலைவர் பரிமாறுகிற விருந்து இது.

திட்டு மேடையோடு முடிந்தால் பரவாயில்லை. கீரைக்காரம்மா ஒரு முறை கொசுறு கொத்தமல்லியைக் கொடுக்காமல் கையை இழுத்துக்கொண்டாள். “எங்க புள்ளய அந்த அடி அடிச்சியே, உனக்கு இன்னாத்துக்குக் கொசுறு?” என்றாள். எங்கள் பிள்ளையாம்! அவன் யார் வீட்டுப் பிள்ளை, நான் யார் வீட்டுப் பிள்ளை?

பேப்பர்க்காரனும் அப்படித்தான். தமிழ்ப் பேப்பரின் நிருபர் எங்கள் ஊர்க்காரன். ஆபீஸ் என்று தனியாக இல்லாததால் என் கடை ஏசியில் உட்கார்ந்து, என் டீயைக் குடித்து, என் கம்ப்யூட்டரில்தான் செய்தி அனுப்புவான். அனுப்புகிற படமோ பாவா படம்.

“இந்த வாட்டி என் படம் ஒண்ணு போடேன்பா” என்று வாய்விட்டே கேட்டேன்.

“அண்ணா, போலீஸ் படத்தப் போட்டா எவன் பாப்பான்? உங்களுக்கு இன்னா, கெத்தா கீறீங்க” என்று சொல்லி, பாவாவின் படத்தை என் மெஷினிலிருந்தே அனுப்பினான். கரண்ட் பில்லும் என்னுடையது.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் போன ஆடி மாதம் அது நடந்தது. கிருத்திகைக் கூட்டம் வடிந்திருந்தது. எப்போதும் போடுகிற இடத்தில் சேறு என்று, எங்கள் தெருவுக்குப் பின்னால் இருக்கிற மைதானத்தில் மேடை போட்டோம். என் அம்மா அதுவரை ஒரு வருஷமும் இந்த நாடகத்தைப் பார்க்க வந்ததில்லை. கூப்பிட்டால், “அத்த நெஜமாவே பாத்துட்டேன், மறுபடியும் இன்னாத்துக்கு?” என்பாள். வீட்டுக்குப் பின்னாலேயே மைக் அலறியதாலோ என்னவோ, அன்று சாயங்காலம் தானாகவே வந்து முன்வரிசை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். நான் திரைச்சீலை ஓட்டை வழியாகப் பார்த்தேன். அம்மா முதல்முறையாகப் பார்க்கப்போகிறாள். பார்த்து என்ன ஆகப்போகிறது? அவள் மகன் அவள் புருஷனை அடிப்பதைப் பார்க்கப்போகிறாள்.

எங்கள் நாடகத்தில் தடி பொய்த்தடி இல்லை. நல்ல மூங்கில். சத்தம் கேட்கவேண்டும் என்பது தலைவர் கட்டளை. அதற்காகப் பாவா தன் தறிக்கூடத்து நூல் வேஸ்ட்டை மெத்தை மாதிரி திணித்து, முதுகுக்கும் தோளுக்கும் சேர்த்து, சட்டைக்குள்ளே கட்டிக்கொள்வான். அந்த மெத்தை மேல் எவ்வளவு ஓங்கி அடித்தாலும் அவனுக்கு ஈ உட்கார்ந்த மாதிரிதான். ‘மடேர்’ என்று சத்தம் மட்டும் வரும். அவன் “தமிழே!” என்று கத்திச் சரிவான். விளக்கு அணையும். இதுதான் எங்கள் முறை.

அன்று புழுக்கம் தாங்கவில்லை. வியர்வையில் கட்டு நெகிழ்ந்து, மெத்தை தோளிலிருந்து இடுப்புக்கு இறங்கிவிட்டது. அது எனக்குத் தெரியாது. நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் போங்கள். அம்மா பார்க்கிறாளே என்கிற ஆத்திரத்தில் வழக்கத்தைவிட ஓங்கித்தான் அடித்தேன், அதை மறைக்கவில்லை. தடி வெறும் தோளில் விழுந்தது. இடது தோள்.

“ஓரி நாயனோ!” என்று அலறினான் பாவா.

தெலுங்கு. சுத்தத் தெலுங்கு. ‘அய்யோ அப்பா’ என்று தமிழில் சொல்வோமே, அது. தமிழுக்காக உயிரை விடவேண்டிய இடத்தில், மைக் முன்னால், மலை வரைக்கும் கேட்கிற குரலில், தெலுங்கில் அப்பனைக் கூப்பிட்டுவிட்டு விழுந்தான். எனக்கு ஒரு நிமிஷம் உள்ளுக்குள் பொங்கல் பொங்கியது. மாட்டினான் என்று நினைத்தேன். யானைக்கும் அடி சறுக்கும், இவன் யானைகூட இல்லை.

ஆனால் கூட்டத்தில் ஒருவருக்கும் எதுவும் வித்தியாசமாகத் தெரியவில்லை. பாதிப் பேர் வீட்டில் அதைத்தான் கத்துவார்கள், மீதிப் பேர் அதைக் கேட்டே வளர்ந்தவர்கள். அழுதார்கள், கை தட்டினார்கள். ஒரே ஒரு ஆள் மட்டும் எழுந்து நின்றது. என் அம்மா. முட்டி வலியில் யாராவது கை கொடுத்தால்தான் எழுகிறவள், யார் கையையும் பிடிக்காமல் எழுந்து நின்றுகொண்டிருந்தாள். விளக்கு அணைந்து மறுபடி எரிந்தபோதும் நின்றாள். பக்கத்தில் இருந்தவர்கள்தான் உட்கார வைத்தார்கள்.

வீட்டுக்கு வந்தும் அம்மா சாப்பிடவில்லை. நான் அடித்த அடியில் கோபம் போலிருக்கிறது என்று நானும் கேட்காமல் விட்டேன்.

மறுநாள் தமிழ்ப் பேப்பரில் வந்தது. பாவாவின் பெரிய படம். ‘தமிழே என்று அவர் உயிர் உருகக் கதறியபோது’ என்று எழுதியிருந்தான் நிருபர். கடைக்கு வந்தவனைப் பிடித்துக்கொண்டேன்.

“ஏன்பா, அவன் தமிழேன்னா கத்துனான்? உன் காதுல இன்னா கீது?”

“வசனம் அதானே அண்ணா? ஸ்கிரிப்ட்ல கீறத எழுதுனேன். அந்த நேரத்துல நான் போன் பேசிகினு இருந்தேன்.”

அதோடு போயிருக்கும். ஆனால் அன்று மைதானத்தில் இன்னொரு பேப்பர்க்காரனும் இருந்திருக்கிறான். நகரியைச் சேர்ந்த தெலுங்குப் பேப்பர் நிருபர், மலைக்குக் குழந்தைக்கு முடி இறக்க வந்தவன், மைக் சத்தம் கேட்டு உட்கார்ந்து பார்த்திருக்கிறான். அடுத்த நாள் அவர்கள் பேப்பரின் அந்தப் பக்கத்து மாவட்டப் பதிப்பில் வந்தது. யாரோ படம் எடுத்து எங்கள் குழுவின் வாட்ஸ்அப்பில் போட்டார்கள். எனக்குத் தெலுங்கு வாசிக்க வருமே, நான்தான் எல்லோருக்கும் தமிழில் சொன்னேன். நல்லா நிறுத்தி நிதானமாகச் சொன்னேன். ‘தமிழ் வீரன் நெஞ்சுக்குள்ளே தெலுங்கு அழுகை’ என்று தலைப்பு. வலி வந்தால் இந்த ஊர் எந்த மொழியில் அழுகிறதோ அந்த மொழிக்குத்தான் இந்த மலை சொந்தம் என்று முடித்திருந்தான். ஒரே அடி. ஒரே தொண்டை. ஒரு பேப்பர் அதைத் தமிழ்நாடாக்கியது, இன்னொரு பேப்பர் ஆந்திராவாக்கியது.

தலைவருக்கு முகம் செத்துவிட்டது. ஏனென்றால் ஐப்பசியில் சென்னையில் ஒரு தமிழ் அமைப்பு எங்களை மேடையேற்றக் கூப்பிட்டிருந்தது. குழு ஆரம்பித்ததிலிருந்து சென்னை மேடை அதுதான் முதல்.

“அங்க வந்து இவன் தெலுங்குல கத்துனா மானம் போயிடும்யா” என்றார். “மாத்திட வேண்டியதுதான்.” என்னைப் பார்த்தார். “நீ பண்றியா?”

கரும்பு தின்னக் கூலியா? பண்றேன் என்று அவர் முடிப்பதற்குள் சொன்னேன். பாவா அங்கேதான் உட்கார்ந்திருந்தான், தோளில் எண்ணெய் தடவி, துண்டைப் போர்த்திக்கொண்டு.

“பண்ணட்டும் தலைவரே. அவங்க நைனா வேஷம்தானே” என்றான். பிறகு என்னிடம், “ஏன் பாவா, என் தெலுங்கு ஓகேவா? நான் வேணா இன்ஸ்பெக்டர் பண்றேன்” என்று சிரித்தான். அவன் சண்டை போட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். சிரித்துக்கொண்டே விட்டுக்கொடுக்கிறவனைப் பார்த்தால் இன்னும் எரிகிறது.

இருந்தாலும் அந்த வாரம் நான் தரையில் நடக்கவில்லை. சென்னைக்கான ஃபிளெக்ஸை அடித்தேன். பத்தடி உயரத்தில் என் முகம், நெற்றியில் ரத்தம். மெஷினிலிருந்து என் கண் முதலில் வெளியே வந்தது, அப்புறம் மூக்கு, அப்புறம் வாய். ஈரம் காயும்வரை பக்கத்திலேயே நின்றேன். தீப்பெட்டிக்குள் பாவாவைப் போட்டேன். ரொம்பச் சின்னதாகப் போட்டேன்.

ஒத்திகை எங்கள் வீட்டு மொட்டைமாடியில். அம்மா மாடிப்படி ஏறி வந்து தண்ணீர்த் தொட்டி ஓரமாக உட்கார்ந்தாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இன்று பார்க்கட்டும், அவள் புருஷனை அவள் மகன் கொண்டுவந்து நிறுத்துவதைப் பார்க்கட்டும். நூல் வேஸ்ட்டைத் தோளில் கட்டிக்கொண்டேன். தரையில் படுத்தேன். பாவா வந்து தெலுங்கில் திட்டித் தடியை ஓங்கினான். மெதுவாகத்தான் அடித்தான், சத்தம்கூடச் சரியாக வரவில்லை. நான் நரம்பு புடைக்க, “தமிழே!” என்று கத்திச் சரிந்தேன்.

தலைவர் கை தட்டினார். அம்மாவைப் பார்த்தேன். யாரோ ஒருவன் பஸ் ஏறுவதைப் பார்ப்பது மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எப்படிம்மா இருந்துச்சி?”

“யாருடா இது?” என்றாள்.

“நைனாம்மா. நம்ம நைனா.”

“உங்க நைனா இப்படிக் கத்தல.”

அவள் புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் பேசினாள்.

“நான் ஸ்டேசன் கம்பி வேலியாண்ட நின்னுகினு இருந்தேன். கண்ணாலம் ஆயி ஒரு மழைகூட வர்ல அப்போ. கீழ போட்டு அடிச்சாங்க. தமிழும் சொல்லல, ஒண்ணும் சொல்லல அது. ‘ஓரி நாயனோ’ன்னு கத்துச்சு. உங்க தாத்தா என் கையப் புடிச்சிகினு வுடல. நான் போவல.”

“நைனாவா? தெலுங்குலயா?”

“பின்ன? உங்க நைனாவப் பெத்த ஆயா ஆந்திரா புத்தூர்க்காரி. வூட்டுக்குள்ள தெலுங்குதான் பேசுவாங்க. தமிழ்நாடு வேணும்னு போனது வேற, அடி பட்டா கத்தறது வேற. நீங்கல்லாம் பொறக்கறதுக்கு முன்னாலயே ஆயா போயிட்டா, அப்பால தெலுங்கும் போயிடுச்சு.”

ஆயா புத்தூர் என்பது எனக்குத் தெரியாததா? ஆனால் புத்தூர் என்றால் தெலுங்கு என்று அர்த்தமா? அங்கேயும் தமிழர்கள் இருக்கிறார்கள் என்று ஊரெல்லாம் வாதாடியவனே நான்தான். இந்த நாடகத்திலேயே அப்படி ஒரு வசனம் இருக்கிறது, அதுவும் நான் சொல்லி எழுதியது.

“அன்னிக்கி மேடையில அந்தக் கொரல் வந்துச்சுல்ல” என்று அம்மா பாவாவைக் கை காட்டினாள். “அதுவே வந்துடுச்சோன்னு நெனச்சேன். இந்தத் தபாவாவது எழுந்து போலாம்னு எழுந்துட்டேன்.”

பாவா தடியைக் கீழே வைத்துவிட்டான். அவன் கண் கலங்கியிருந்தது. எனக்குக் கலங்கவில்லை. எனக்கு வேறு ஒன்று நடந்துகொண்டிருந்தது. என் ரத்தம், என் நைனா, என் ஃபிளெக்ஸ், என் கரண்ட் பில். எல்லாம் என்னுடையது. ஆனால் அவர் வந்து இறங்கியதோ இவன் தொண்டையில். அதுவும் நான் அடித்த அடியில். பொறாமை என்றால் அதுவரை எனக்கு என்னவென்றே தெரிந்திருக்கவில்லை. பேப்பர் படத்துக்குப் பட்டதெல்லாம் கொசுக்கடி.

“சென்னைக்கு வருவியாம்மா?” என்று கேட்டேன். வேறு என்ன கேட்பது?

“நீ படுத்துகினு கத்தறதுக்கா? நான் வர்ல. அவன் பண்ணா வரேன்.”

பெற்ற மகன் முகத்துக்கு நேரே சொன்னாள். முட்டி வலிக்கு ஏற்றபடி கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டாள்.

தியாகம் என்று யாரும் நினைத்துவிடாதீர்கள். வேஷத்தை நான் திருப்பிக் கொடுத்தது பாவாவுக்காக இல்லை. அம்மா இன்னொரு முறை எழுந்து நிற்கவேண்டும், அதை நான் அந்த மேடையில் இருந்து பார்க்கவேண்டும். அவ்வளவுதான். தலைவர்தான் பயந்தார்.

“சென்னையில தெலுங்குல கத்தறதா? ஒத்துக்குவாங்களாய்யா?”

“நடந்தது அதானே தலைவரே? அடி வாங்கனவரோட பொண்டாட்டியே சொல்லுது. நீங்க எழுதுனது பெருசா, அது கேட்டது பெருசா?”

“பேப்பர்ல எழுதுனா?”

“போன தபா எழுதலியா? மழையா நின்னுச்சு?”

பத்தடி உயரத்தில் இருந்த என் முகத்தைக் கடைக்குப் பின்னால் விறகு நனையாமல் மூடப் போட்டேன். பழைய ஃபிளெக்ஸே சென்னைக்குப் போனது.

அம்மாவை மின்சார ரயிலில் ஜன்னலோரம் உட்காரவைத்துக் கூட்டிப்போனோம். அரங்கத்துக்குப் பின்னால் நான் காக்கிச் சட்டைக்குப் பித்தான் போட்டுக்கொண்டிருந்தபோது பாவா வந்து திரும்பி நின்றான்.

“தொட்டுப் பாரு பாவா.”

தொட்டேன். சட்டைக்குள் நூல் வேஸ்ட் இல்லை. தோள் எலும்புதான் கையில் பட்டது.

“பைத்தியமா நீ?”

“கட்டிகினா அந்தக் கொரல் வராது. உனக்கும் தெரியும். அம்மா வந்துகீது. அடி.”

சொல்லிவிட்டுப் போய்த் தண்டவாளத்தில் படுத்துவிட்டான். இதற்கும் எனக்கு எரிந்தது. என் அம்மாவுக்காக வெறும் தோளைக் கொடுக்கிறான், இவன் யார் கொடுப்பதற்கு?

அந்தக் கட்டம் வந்தது. நான் தெலுங்கில் திட்டிக்கொண்டே தடியை ஓங்கினேன். ஓங்கின கையோடு முன்வரிசையைப் பார்த்தேன். அம்மா ஏற்கெனவே இரண்டு கையாலும் நாற்காலிப் பிடியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் இன்னும் அடிக்கவே இல்லை. அவள் பார்வை என் மேல் இல்லை, ஒரு கணம்கூட இல்லை. அடித்தேன்.

அவன் கத்தினான். அரங்கத்தில் யாரோ “இன்னாபா சொன்னான்?” என்று கேட்பது காதில் விழுந்தது, பக்கத்தில் இருந்தவர் “உஸ்” என்றார். அம்மா எழுந்துவிட்டாள். எழுந்தவள் நிற்கவில்லை. நடந்தாள். மேடை ஓரத்துக்கு வந்து, பலகையில் கையை வைத்துக்கொண்டு, கீழே கிடந்தவனைப் பார்த்து, “தோ வந்துட்டேன்” என்றாள். என் முன்னால், எனக்கு ஓரடி தூரத்தில். நான் தடியோடு நின்றுகொண்டிருந்தேன். விளக்கு அணைய வேண்டிய நேரத்தில் தலைவர் விளக்கை அணைக்க மறந்துவிட்டார்.

மறுநாள் தமிழ்ப் பேப்பரில் பெரிதாக வந்தது. எங்களோடு வந்திருந்த ஊர் நிருபர், பாவா கத்தினதை உள்ளபடியே எழுதி அனுப்பியதாகச் சத்தியம் செய்தான். ஆபீஸில் ‘அப்பா’ என்று தமிழாக்கிவிட்டார்கள். தெலுங்குப் பேப்பருக்கு அன்று சென்னையில் யாரும் முடி இறக்கவில்லை போலிருக்கிறது, அதில் எதுவும் வரவில்லை. ஆனால் தமிழ்ப் பேப்பரில் படம் வந்தது. மேடையின் பக்கவாட்டிலிருந்து எடுத்த படம். வாய் பிளந்து கிடக்கும் பாவா, அவனை நோக்கிக் கை நீட்டும் என் அம்மா. இடது ஓரத்தில் காக்கிச் சட்டை போட்ட ஒரு கை, தடியோடு. அதோடு படம் முடிகிறது. என் முகம் இருந்த இடத்தை வெட்டிவிட்டு அங்கே ஒரு நகைக்கடை விளம்பரத்தைப் போட்டிருந்தார்கள்.

அம்மா அந்தப் படத்தைப் பெரிதாக்கி லேமினேட் செய்து தரக் கேட்டாள். செய்தேன். இது பெரிதாக்கினாலும் உடையவில்லை, நல்ல காமிரா. நைனாவுக்கு என்று சுவரில் ஆணி அடித்துக் காலியாக இருந்த இடத்தில் மாட்டச் சொன்னாள். மாட்டினேன். பூ வைக்கப் போனாள். பாவாவின் பெண்டாட்டி ஓடிவந்து, “அத்தே, உயிரோட கீற ஆளுக்கு மாலை போடாதீங்க, உங்களுக்குப் புண்ணியமா போவட்டும்” என்று கையைப் பிடித்துக்கொண்டாள். அதனால் வெள்ளிக்கிழமை சாம்பிராணிப் புகை மட்டும்.

வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் அம்மா அந்தப் படத்தைக் காட்டுவாள். இதுதான் எங்க வூட்டுக்காரர் என்று பாவாவைக் காட்டுவாள், கூசாமல். தோ நான் என்று தன்னைக் காட்டுவாள். போன வாரம் மணவூரிலிருந்து வந்த அவள் தங்கை, ஓரத்தில் விரலை வைத்து, “இது யாரு கை?” என்று கேட்டாள். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். சாதத்தைப் பிசைவதை நிறுத்திவிட்டு அம்மாவைப் பார்த்தேன்.

“அதுவா?” என்றாள் அம்மா. “அது போலீஸ்காரன் கை.”